வா-வா பெடல் மாற்றியமைப்பு

வா-வா பெடல் என்பது மின் கிட்டாரின் ஒலியில் ஒரு குறுகிய அதிர்வெண் பகுதியை மட்டும் உயர்த்தி, அந்த உச்சியைக் காலசைவுக்கு ஏற்ப மேலும் கீழும் நகர்த்தும் கருவி ஆகும். குதிகாலை அழுத்தினால் ஒலி மந்தமாகும். முன்பாதத்தை அழுத்தினால் கூர்மையாகும். பெயரே அது எழுப்பும் ஒலிதான். ‘உ’ என்று தொடங்கி, நிறுத்தாமல் ‘ஆ’ என்று வாயைத் திறந்தால் ‘வா’ என்று கேட்கும். பெடல் செய்வதும் அதுவே. (தமிழ்க் காதுக்கு யாரையோ கூப்பிடுவது போல இருப்பது தற்செயல்.)

கடையில் வாங்கிய பெடல் பலருக்கு மெலிந்து ஒலிப்பதாகவோ, காதைக் குத்துவதாகவோ தோன்றும். உள்ளே சில மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் மாற்றினால் பெரும்பாலும் இது சரியாகிவிடும். எந்தக் குறைக்கு எந்தப் பாகம் காரணம் என்று அறியாமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

தோற்றம்

1966இல் அமெரிக்காவின் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிராட் பிளங்கெட் என்ற பொறியாளர், வாக்ஸ் ஒலிபெருக்கி ஒன்றில் இருந்த நிலைமாற்றிக்குப் பதிலாக விலை குறைந்த மாறுமின்தடை ஒன்றை வைத்துச் சோதித்தார். அதைத் திருகியபோது எழுந்த ஒலியே வா-வா ஆயிற்று. சுற்று ஆர்கன் இசைக்கருவியின் ஒலியளவு மிதிக்குள் பொருத்தப்பட்டது. 1967இல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டு, 1970இல் வழங்கப்பட்டது. ‘க்ரை பேபி’ என்ற வணிகப்பெயர் 1982இல் டன்லப் நிறுவனத்திடம் சென்றது. அந்நிறுவனத்தின் ஜி.சி.பி-95 பெடல் பரவலாகக் கிடைக்கிறது. கீழே தரப்படும் மதிப்புகள் அதற்கு உரியவை. பழைய வாக்ஸ் வகைகளின் சுற்றும் சிறு வேறுபாடுகளோடு இதே அமைப்புதான்.

செயல்படும் முறை

சுற்றின் நெஞ்சு 500 மில்லிஹென்றி மின்தூண்டி ஒன்றும் 10 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்றும். இவை இரண்டும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிர்கின்றன. மிதியோடு பல்சக்கரத்தால் இணைந்த 100 கிலோ ஓம் மாறுமின்தடை, பெருக்கப்பட்ட சமிக்ஞையில் எவ்வளவு பங்கு அந்த மின்தேக்கி வழியாகத் திரும்பிச் செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. திரும்பும் பங்கு கூடக் கூட, மின்தேக்கி தன் உண்மை மதிப்பைவிடப் பல மடங்கு பெரியதைப் போல நடந்துகொள்ளும்.

முன்பாதம் முழுவதும் அழுத்தப்பட்ட நிலையில் மின்தேக்கி ஏறத்தாழ உண்மை மதிப்பிலேயே இருக்கும். அப்போது உச்சி சுமார் 2,250 ஹெர்ட்ஸ் என்று கணக்கில் வரும். நடைமுறையில் இதைவிடச் சற்றுக் குறையலாம். குதிகால் நிலையில் அது 450 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்குகிறது. அதிர்வெண் ஐந்தில் ஒரு பங்காகக் குறைய, மின்தேக்கி 25 மடங்காகத் தோன்றியாக வேண்டும். அதிர்வெண் மின்தேக்கியின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக மாறும் என்ற இந்த ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்.

பாகம் மாற்றாமல் செய்யக்கூடியது

பற்றவைப்புக் கோலை எடுக்கும் முன் அடிமூடியைத் திறந்து பல்சக்கரத்தைப் பார்க்கவும். மாறுமின்தடையின் முழுச் சுழற்சியையும் மிதி பயன்படுத்துவதில்லை. நடுவில் ஒரு பகுதியை மட்டுமே திருப்புகிறது. பற்சட்டத்தைச் சற்று விலக்கி, சக்கரத்தை ஓரிரு பல் தள்ளிப் பொருத்தினால் ஒலியின் வீச்சு முழுவதுமாக மேலோ கீழோ நகரும். காதைக் குத்துகிறது என்று புலம்பும் பலருடைய சிக்கல் செலவே இல்லாமல் இங்கேயே தீர்ந்துவிடும். மிதிக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் மாறுமின்தடை தேய்ந்திருக்கிறது அல்லது தூசி படிந்திருக்கிறது. அதைத் துடைத்தோ மாற்றியோ முடித்த பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும்.

மின்தடைகளும் மின்தேக்கியும்

மின்தூண்டிக்கு இணையாக உள்ள 33 கிலோ ஓம் மின்தடை உச்சியின் கூர்மையைக் கட்டுப்படுத்துகிறது. 47 அல்லது 68 கிலோ ஓம் வைத்தால் உச்சி குறுகி, ‘வா’ அழுத்தமாகக் கேட்கும். 100 கிலோ ஓமுக்கு மேல் சென்றால் ஒலி சீழ்க்கை அடிப்பது போல் மெலிந்துவிடும். சுத்தமான ஒலியில் வாசிப்பவருக்கு இந்த மாற்றம் பிடிக்கும். கடும் உருக்குலைவோடு வாசிப்பவர் 33இலேயே இருப்பது நல்லது.

1.5 கிலோ ஓம் மின்தடையை 2.2 அல்லது 2.7 ஆக்கினால் நடு அதிர்வெண்கள் தடித்து, உயிரெழுத்துத் தன்மை கூடும். ஒரே ஒரு மாற்றம்தான் செய்வேன் என்பவருக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியது இதுவே.

முதல் டிரான்சிஸ்டரின் உமிழ்வாயில் உள்ள 390 ஓம் மின்தடையை 330 ஆகவோ 270 ஆகவோ குறைத்தால் பெருக்கமும் அடித்தொனியும் கூடும். குறைக்கக் குறைக்க நல்லது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது: பெடலை இயக்கியதும் ஒலியளவு துள்ளி எழுந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள்.

வீச்சைத் தீர்மானிப்பது 10 நானோஃபாரட் மின்தேக்கி. 15 வைத்தால் மேல்முனை ஏறத்தாழ 1,840 ஹெர்ட்ஸுக்கும், 22 வைத்தால் 1,520 ஹெர்ட்ஸுக்கும் இறங்கும். கீழ்முனையும் அதே விகிதத்தில் தாழும். பேஸ் கிட்டாருக்கு 22 பொருந்தும். 6.8 வைத்தால் 2,730 வரை ஏறும். ஏற்கெனவே கூச்சலிடும் பெடலுக்கு இது வேண்டாம். சுற்றில் 10 நானோஃபாரட் மின்தேக்கிகள் ஒன்றுக்கு மேல் உள்ளன. உள்ளீட்டில் இருப்பதை மாற்றிவிட்டு வீச்சு நகரவில்லையே என்று வியப்பவர்கள் உண்டு.

மின்தூண்டியை மாற்றுவதுதான் இருப்பதிலேயே அதிகம் பேசப்படும், அதிகம் செலவாகும் மாற்றம். இத்தாலியப் பெடல்களில் இருந்த ஃபேசல் வகைக்குப் பெரும் புகழ் உண்டு. வேறுபாடு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மேலே சொன்ன மின்தடைகள் தரும் வேறுபாட்டோடு ஒப்பிட்டால் அது சிறியது. கடைசியில் செய்தால் போதும்.

அணைத்த நிலையில் ஒலி இழப்பு

பழைய பெடல்களின் நிலைமாற்றி வெளியீட்டை மட்டுமே மாற்றுகிறது. அணைத்த பின்னும் சுற்றின் உள்ளீடு கிட்டாரோடு இணைந்தே இருந்து சமிக்ஞையில் ஒரு பகுதியை உறிஞ்சுகிறது, உச்சத்தொனி மங்குகிறது. இரட்டை நிலைமாற்றி ஒன்றைப் பொருத்தி, அணைக்கும்போது உள்ளீட்டையும் துண்டித்துவிட்டால் இது தீரும். உள்ளீட்டில் இடைத்தாங்கிச் சுற்று சேர்ந்த பிந்தைய பெடல்களில் இந்த இழப்பு மிகவும் குறைவு. அவற்றில் இந்த வேலையை அவசரமாகச் செய்யத் தேவையில்லை.

ஃபஸ் பெடலுக்கு முன்னால் வா-வா வைப்பவர்களின் சிக்கல் வேறு. ஃபஸ் ஃபேஸ் போன்றவற்றின் உள்ளீட்டு மின்மறுப்பு மிகத் தாழ்வு என்பதால் வா-வா சுமை தாங்காமல் அடங்கிவிடும். வெளியீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் இடைத்தாங்கி சேர்த்தால் வீச்சு திரும்பக் கிடைக்கும்.

செய்யும்போது

மின்கலத்தையும் மின்வழங்கியையும் கழற்றிய பிறகே பற்றவைக்க வேண்டும். 9 வோல்ட் ஆளுக்குத் தீங்கு செய்யாது, டிரான்சிஸ்டருக்குச் செய்யலாம். பலகையின் செப்புத் திண்டுகள் நீண்ட சூட்டில் பெயர்ந்துவிடும். எனவே ஒரே பாகத்தைத் திரும்பத் திரும்ப மாற்றிக் கேட்பதாக இருந்தால், அந்த இடத்தில் சிறு பொருத்துமுனைகளைப் பற்றவைத்து, மின்தடைகளைச் செருகி எடுத்துப் பார்க்கலாம். மின்தூண்டியின் கம்பிகள் மயிரிழை போன்றவை. அதன் கால்களை வளைக்கக் கூடாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வழக்கமான ஒலிபெருக்கியில், வழக்கமான ஒலியளவில் வாசித்துக் கேட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லவும்.

1960களின் அசல் இத்தாலியத் தயாரிப்பு கையில் இருந்தால் திறந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே சரி. சேகரிப்பாளர்கள் பழைய பற்றாசைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒரு மின்தடை மாறியிருந்தாலும் விலை இறங்கும். மற்ற பெடல்களில், கழற்றிய பாகங்களை மதிப்பு எழுதிய சிறு உறையில் இட்டு அடிமூடியின் உட்புறத்தில் ஒட்டி வைக்கவும்.