வாசலில் நாய், அடுப்படியில் பூனை

நமது நாட்டிலே நாயில்லாத முற்றமும் பூனையில்லாத அடுப்படியும் காண்பது அரிது. அவற்றுட் பல விலை கொடுத்து வாங்கப்பட்டவை அல்ல. தாமாகவே வந்து சேர்ந்தவை. மழை நாளொன்றில் விறாந்தையின் ஓரத்திலே நடுங்கிக்கொண்டு நின்ற குட்டிக்குப் பிள்ளைகள் மீந்த பாணை இட்டார்கள். மறுநாள் பெயரும் இட்டார்கள். மூன்றாம் நாள் அது வீட்டுக்கு உரியதாயிற்று. இவ்வளவு இலகுவாக உறவு கொண்டாடும் நாம், அவ்வுறவோடு கூடவே வரும் பொறுப்பை எண்ணிப் பார்க்கின்றோமா?

எனது சிறுபிராயத்திலே அயல் வீட்டில் நிகழ்ந்ததொன்று இன்னும் நினைவிலிருக்கின்றது. எட்டு வயதுச் சிறுவனொருவன், புதிதாக வந்த நாய்க்குட்டியோடு விளையாடும்போது அதன் பல் கையிலே பட்டுவிட்டது. காயம் என்று சொல்லத்தக்க காயமன்று, ஒரு கீறல். ஆச்சி மஞ்சளை அரைத்துப் பூசினார். நான்கு நாட்களின் பின் குட்டி இறந்தது. வேலியோரத்திலே புதைத்துவிட்டு எல்லோரும் அதனை மறந்தார்கள். பையன் மட்டும் மறக்கவில்லை. பாடசாலையிலே அழுதுகொண்டிருந்தவனை விசாரித்த ஆசிரியர், கதையைக் கேட்டதும் அன்று மாலையே வீட்டுக்கு வந்து, “குட்டி செத்ததற்காக அவன் அழட்டும், அவனுக்காக நீங்கள் அழ வேண்டி வரக்கூடாது. இப்பொழுதே புறப்படுங்கள்” என்றார். அக்காலத்தில் வயிற்றிலே நாளுக்கொன்றாகப் பல ஊசிகள் போடுவார்கள். அவன் அலறியது ஒழுங்கை முழுவதும் கேட்டது. அந்தக் குட்டிக்கு விசர் பிடித்திருந்ததா இல்லையா என்பது இறுதிவரை தெரியவில்லை. அன்றைய சிறுவன் இன்று பேரப்பிள்ளை கண்டவன்.

விசர்நாய்க்கடி நோயின் கொடுமை யாதெனில், நோய்க்குறி வெளிப்பட்ட பின்னர் மருந்து ஏறக்குறைய இல்லை என்பதே. நோய்க்கிருமி விலங்கின் உமிழ்நீரிலே உளது. கடியினாலோ, கீறலினாலோ, புண்ணை நக்குவதனாலோ அது உடலுட் புகுந்து, நரம்பின் வழியே மெல்ல மெல்ல மூளையை நோக்கிச் செல்கின்றது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். சிலருக்குச் சில நாட்களிலும், சிலருக்கு ஓராண்டு கடந்தும் நோய் தோன்றுவதுண்டு. கிருமி மூளையை அடையுமுன் தடுப்பூசி தன் வேலையைச் செய்துவிட வேண்டும். 1885 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், பிரான்சு தேசத்து அறிஞர் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் யோசப் மைஸ்டருக்கு முதன்முதலாக இவ்வூசியை ஏற்றிக் காப்பாற்றியது இந்தக் கால அவகாசத்தைப் பயன்படுத்தியே.

ஆதலால், கடிபட்டவுடன் செய்ய வேண்டியது, ஓடும் நீரிலே சவர்க்காரமிட்டுக் காயத்தைப் பதினைந்து நிமிடம் நன்றாகக் கழுவுவது. மணிக்கூட்டைப் பார்த்தே கழுவுங்கள். பதினைந்து நிமிடம் நாம் நினைப்பதிலும் நீண்டது. மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, கோப்பித் தூள் ஒன்றும் வேண்டா. பின்னர் தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இக்காலத்தில் வயிற்றிலே ஊசியில்லை, பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள். கடித்த நாயையோ பூனையையோ அடித்துக் கொல்லவும் கூடாது. கட்டிவைத்துப் பத்து நாட்கள் கவனிக்க வேண்டும். அதன் நடத்தை மாறினாலும் இறந்தாலும் வைத்தியருக்கு உடனே அறிவிக்க வேண்டும். பூனைக்கு விசர் பிடியாது என்று எண்ணுவோர் பலர். அது தவறு, பூனையும் கீரியும் மரநாயுங்கூட இந்நோயைப் பரப்பும்.

1973 ஆம் ஆண்டில் இலங்கையிலே இந்நோயால் 377 பேர் மாண்டனர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை சில பத்துக்களாகக் குறைந்துள்ளது. நாய்களுக்கு ஊசி ஏற்றியமையும், கடிபட்டோர் வைத்தியசாலையை நாடியமையுமே இதற்குக் காரணம். வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றுவது அத்தியாவசியம். குட்டிக்கு எப்பொழுது முதலூசி என்பதை மிருக வைத்தியரிடம் கேட்டறிக.

இனி உணவு. நாம் உண்பதெல்லாம் அவற்றுக்கு ஆகும் என்று எண்ணிவிடுகின்றோம். வெங்காயமும் உள்ளியும் நாய், பூனை இரண்டினது குருதியையும் கெடுக்கும். குழம்பு ஊற்றிய சோறு இதனால் நல்லதன்று. சொக்கலேற்றும் முந்திரிகை வற்றலும் நாய்க்கு நஞ்சு. சமைத்த கோழி எலும்பு ஊசிபோற் பிளந்து குடலைக் கிழிக்கக்கூடும். பூனையோ இயல்பிலே புலாலுண்ணி; சோற்றை மட்டும் இட்டு வளர்த்தால் கண்ணும் இதயமும் பழுதடையும். மீனோ இறைச்சியோ அதற்கு ஆடம்பரமன்று. பூனை என்றாற் பால் என்பது கதைப் புத்தகத்தின் வழக்கு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரியாது, வயிற்றோட்டமே மிஞ்சும். காய்ச்சலென்று கருதிப் பூனைக்குப் பரசிற்றமோல் கொடுப்பவர்களும் உளர். ஒரு குளிசையே அதன் உயிரைப் போக்கப் போதுமானது.

உண்ணியைச் சிறு தொல்லையென்று விட்டுவிடலாகாது. உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய் உண்ணாது சோர்ந்து கிடக்கும்; முரசு வெளுக்கும்; சிறுநீர் கறுக்கும். அப்பொழுது மிருக வைத்தியரிடம் ஓட வேண்டும். குட்டிகளுக்குப் பூச்சி மருந்து கொடுப்பது பிள்ளைகளின் நன்மைக்குமாகும். நாயின் குடற்புழு மண்வழியே குழந்தையையும் பற்றக்கூடியது.

எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது நாளெல்லாம் சங்கிலியிற் கிடக்கும் நாயே. வெயில் நகரும்; அதன் சங்கிலி நகராது. மனிதரைப்போல் உடல் முழுவதும் வியர்க்கும் வசதி நாய்க்கு இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே அது சூட்டைத் தணிக்க வேண்டும். நிழலும் தண்ணீரும் இல்லாத இடத்திற் கட்டுவது கொடுமை. அத்தகைய நாய் கடிநாயாகிவிட்டது என்று குறை கூறுவதிற் பயனென்ன? காலையும் மாலையும் சிறிது தூரம் நடத்திச் செல்லும் வேலையை வீட்டு மாணவனிடம் ஒப்படையுங்கள். புத்தகத்தோடு மல்லாடும் அவனுக்கும் அது நல்லது.

பெட்டைக் குட்டிகளைச் சாக்கிலே கட்டிச் சந்தையடியில் விட்டுவரும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்வித்தால் அப்பாவத்துக்கு இடமே இராது. தெருநாய்த் தொகையும் பெருகாது. பெண் நாய் இரண்டே மாதத்திற் குட்டி ஈனும் என்பதை நினைவிற் கொள்க.

ஊசி ஏற்றியதும் தரப்படும் அட்டையைப் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளோடு ஒரே உறையில் இட்டு வையுங்கள். அடுத்த ஊசிக்குரிய திகதியைச் சுவர்க் கலண்டரிலே சிவப்பு மையாற் குறித்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.