மேசைமேல் ஒரு கடைசல் இயந்திரம்

அச்சுவேலி, ஆவரங்கால், புத்தூர்ப் பகுதிகளின் செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் மரக்கறியும் நிற்பது கிணற்று நீரை நம்பித்தான். அந்த நீரை மேலே கொண்டுவருவது பம்பி. பம்பியினுள் சுழலும் தண்டைத் தாங்கி நிற்கும் சின்னஞ்சிறு உலோக வளையம் ஒன்றுண்டு. பட்டறைக்காரர் அதனைப் புஷ் என்பர். அது தேய்ந்துவிட்டால் நீரிறைப்பு நின்றுவிடும். கடையில் அதே அளவில் வேறொன்று கிடைத்தால் தொல்லை இல்லை. கிடைக்காதபோது லேத் உள்ள பட்டறையைத் தேடி யாழ்ப்பாணம் நகருக்குச் செல்லவேண்டும். அங்கே பெரிய வேலைகள் வரிசையில் காத்துக் கிடக்க, விரல் பருமனான ஒரு வளையத்துக்கு முறை வருவதற்குள் நாட்கள் கடந்துவிடலாம். வெங்காயப் பயிர் அத்தனை நாள் பொறுத்திராது.

இத்தகைய சிறு வேலைகளை வீட்டுக் கொட்டிலிலேயே முடிக்கக்கூடிய மேசை லேத் இன்று உலகெங்கும் விற்பனையாகின்றது. மேலைநாடுகளில் அது பொழுதுபோக்குக் கருவி. ஓய்வுபெற்றவர்கள் சிறிய நீராவி இயந்திரங்களின் மாதிரிகளைச் செய்து மகிழ்வதற்கு வாங்குவது. அவர்களுக்கென்றே 'மொடல் எஞ்ஜினியர்' என்ற சஞ்சிகை 1898 இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது. எமது மண்ணில் அதே கருவிக்கு வேறொரு பயன் இருக்கின்றது என்பதே எமது எண்ணம்.

கடைசல் எமக்குப் புதிய தொழிலன்று. கட்டிற்காலும் தொட்டிற்காலும் கடைந்த தச்சர்கள் உளியைக் கையில் பிடித்தே வேலை செய்தனர். இரும்பைக் கடையும்போது கையின் வலு போதாது. உளியை உறுதியாகப் பற்றும் சறுக்கியையும், அதனைச் சீராக நகர்த்தும் நீண்ட திருகாணியையும் ஒன்றிணைத்து, 1800 ஆம் ஆண்டளவில் இலண்டனில் ஹென்றி மோட்ஸ்லி அமைத்த இயந்திரமே இன்றைய லேத்துக்கு வழிகாட்டி. மேசைமேல் வைக்கும் சிறு லேத்திலும் இதே அமைப்புத்தான். தலைப்பகுதியில் உலோகத்தைக் கவ்விச் சுழற்றும் சக், எதிர்ப்புறத்தில் நீண்ட கம்பியின் நுனியைத் தாங்கும் வால்பகுதி, இரண்டுக்கும் இடையே முன்பின்னாகவும் குறுக்காகவும் நகரும் சறுக்கி, அதன்மேல் உளி.

சந்தையில் மிகுதியாகக் காணப்படும் வகை சீனத் தயாரிப்பு. ஒரே வார்ப்பு வெவ்வேறு நிறங்களிலும் வெவ்வேறு பெயர்களிலும் விற்கப்படுகின்றது. நிறை ஏறத்தாழ 40 கிலோகிராம். கவ்வக்கூடிய நீளம் 300 முதல் 350 மில்லிமீற்றர். சுற்றக்கூடிய விட்டம் 180 மில்லிமீற்றர் என விளம்பரத்தில் இருக்கும். அந்த 180 அடித்தளத்துக்கு மேலுள்ள இடத்தின் அளவு. சறுக்கிக்கு மேலே கிடைக்கும் இடம் மிகவும் குறைவு. வாங்குபவர் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான். மோட்டர் 250 முதல் 550 வாற்ஸ் வரையிலானது. துணி அழுத்தும் மின்னழுத்தி இதனைவிட அதிக மின்சாரம் எடுக்கும். பட்டறைகளின் பெரிய லேத்துகள் ஒரு தொன்னையும் தாண்டும் நிறையுடையவை. மூன்று கட்ட மின்சாரமும் வேண்டும். வீட்டு மின்னிணைப்பிலேயே ஓடுவதுதான் சிறிய லேத்தின் பெருஞ்சிறப்பு.

அதன் பலவீனமும் அந்தச் சிறுமையில்தான் இருக்கின்றது. நிறை குறைந்த இயந்திரம் ஆழமாக வெட்ட முற்பட்டால் அதிரும். அதிர்ந்தால் கடைந்த பரப்பு வரிவரியாகும். இரும்பில் ஒரு தடவைக்குக் கால் மில்லிமீற்றர் ஆழம் வெட்டினால் போதும். வேகத்தையும் கணக்கிட்டே வைக்கவேண்டும். சாதாரண உருக்கை ஹைஸ்பீட் உளியால் வெட்டும்போது அதன் பரப்பு நிமிடத்துக்கு 25 மீற்றர் அளவில் உளியைக் கடந்து செல்வது நல்லது. 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள கம்பிக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 சுற்று. பித்தளைக்கு இதன் இருமடங்கு வேகமும் தாங்கும். பித்தளையையும் வார்ப்பிரும்பையும் எண்ணெயின்றியே வெட்டலாம். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் சில துளி விட்டால் உளியில் ஒட்டாது.

பழகுபவர் தடுமாறும் இடம் அளவெடுத்தல். உளியை 0.1 மில்லிமீற்றர் உள்ளே நகர்த்தினால் கம்பியின் விட்டம் 0.2 மில்லிமீற்றர் குறையும், இரு புறமும் வெட்டப்படுவதால். 20 மில்லிமீற்றர் தண்டுக்கும் அதன் புஷ்ஷுக்கும் இடையே விடவேண்டிய இடைவெளியோ ஒரு மில்லிமீற்றரின் நூறில் இரண்டு மூன்று பங்குதான். இடைவெளி கூடினால் தண்டு ஆடும்; குறைந்தால் இறுகி நின்றுவிடும். வேணியர் இடுக்கியும் நுண்மானித் திருகுக் கணிச்சியும் எமது பிள்ளைகளுக்குப் பரீட்சை வினாத்தாளில் நன்கு அறிமுகமானவை. அவற்றைக் கையிலெடுத்து ஒரு பொருளை அந்த அளவுக்குக் கொண்டுவந்த பிள்ளைகள் எத்தனை பேர்?

மூலப்பொருளுக்குப் பழைய இரும்புக் கடைகள் உண்டு. வாகன அச்சுத்தண்டும் வில்தகடும் மலிவாகக் கிடைக்கின்றன என்று அவற்றைச் சிறிய லேத்தில் ஏற்றலாகாது. கடினப்படுத்தப்பட்ட உருக்கு உளியை மழுக்கிவிடும். பழகுவதற்கு ஏற்றவை அலுமினியமும் பித்தளையும். பிறகு சாதாரண உருக்கு.

யாழ்ப்பாணத்தில் பழைய இரும்பு, உதிரிப்பாக வியாபாரத்தில் முஸ்லிம் வர்த்தகர்களுக்கு ஓர் இடம் இருந்தது. 1990 ஒக்டோபரில் அம்மக்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது கடைகளுடன், எந்தப் பொருள் எங்கே கிடைக்கும், எதற்கு எது பொருந்தும் என்ற தலைமுறை அறிவும் ஊரைவிட்டுப் போயிற்று. அதே ஆண்டில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் நின்றது. பொருளாதாரத் தடைக் காலத்தில், எரிபொருளும் பற்றரியும் இல்லாத நிலையில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதும் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டியதும் எமது மக்களின் கைத்திறன்தான். ஆனால் அந்தத் திறனுடையோர் பலர் கடல் கடந்துவிட்டனர். பட்டறையில் குருவின் அருகே நின்று பழகும் மாணவன் அருகிவிட்டான்.

போரில் சிதைந்து மூடிக்கிடந்த அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை இந்திய உதவியுடன் புனரமைக்கப்பட்டு 2014 இல் மீளத் திறக்கப்பட்டது. கட்டடமும் மின்சாரமும் வந்தால் தொழில் தானே வரும் என்று எண்ணுவது எமது பழைய வழக்கம். நூறில் ஒரு மில்லிமீற்றரை மதிக்கத் தெரிந்த கை வேண்டாமா? அந்தக் கையைப் பெருந்தொழிற்சாலை உருவாக்குவதில்லை. வீட்டுக் கொட்டிலும் சிறு பட்டறையுமே உருவாக்குகின்றன. 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது இறக்குமதி உதிரிப்பாகத்தின் விலை எங்கே சென்றது என்பதைத் தோட்டக்காரரிடம் கேட்டால் தெரியும்.

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். சுழலும் சக்குக்கு இரும்பு எது, துணி எது என்ற பேதம் தெரியாது. சாரத்துடனும், தொங்கும் சால்வை, முந்தானை, நீண்ட கையுடனும் அதனருகே நிற்கலாகாது. கையுறை பாதுகாப்பு என்று எண்ணுவோர் உண்டு; லேத்தில் அது கையையே இழுத்துச் செல்லும். சக்கை இறுக்கும் திறப்பை அதிலேயே விட்டுவிட்டு மோட்டரை இயக்கினால் அது குண்டுபோலப் பறக்கும். உலோகச் சுருளை விரலால் அகற்றுவது கூடாது, தூரிகை வேண்டும். கண்ணாடி அணியாமல் இயந்திரத்தை இயக்கக்கூடாது.

எல்லா வீட்டிலும் ஒரு லேத் வேண்டும் என்பது எமது வாதமன்று. ஊருக்கு இரண்டு மூன்று இருந்தாலே பெரிது. உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கப்பட்டது. அப்பிரிவு உள்ள பாடசாலைகளுக்கும் பள்ளிவாசல், கோயில், தேவாலயம் சார்ந்த இளைஞர் மன்றங்களுக்கும் இத்தகைய கருவி பொருத்தமானது. புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் நுழைவாயில் வளைவு கட்டுவதில் காட்டும் உற்சாகத்தின் ஒரு பங்கை இதிலும் காட்டலாம். வளைவு எத்தனை அழகாக இருந்தாலும் அதற்குள் நுழையும் பிள்ளைக்கு அது எதையும் கற்பிப்பதில்லை.

அனுப்புவோர் இயந்திரத்தை மட்டும் அனுப்பி நின்றுவிடக்கூடாது. இந்த வகைகள் பலவற்றில் தலைப்பகுதியின் பற்சக்கரங்கள் பிளாஸ்ரிக்கினால் ஆனவை. உளி சிக்கினால் முதலில் உடைவது அவைதாம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணு அட்டையும் பழுதடையக் கூடியது. இவற்றில் உபரியாக ஒவ்வொன்றும், ஒரு நுண்மானித் திருகுக் கணிச்சியும், அருகில் நின்று முதல் மாதம் பழக்குவதற்கு அனுபவமுள்ள லேத் தொழிலாளி ஒருவருக்கான கூலியும் அதே பொதியில் சேரவேண்டும்.