தொதல் தாச்சியும் சீனி வருத்தமும்: மூலிகை எந்த இடத்தில் கை வைக்கிறது?

தொதல் கிண்டத் தெரிந்த வீட்டில் சீனி வருத்தம் கிட்னியை எப்படிப் பிடிக்கிறது என்று விளக்குவது எளிது. புல்மோட்டையில் பெருநாளுக்குத் தாச்சியை அடுப்பில் ஏற்றும்போது அரிசிமா, தேங்காய்ப்பால், இனிப்பு எல்லாம் அகப்பையிலிருந்து ஒழுகும் பதத்தில்தான் இருக்கும். மணிக்கணக்காகக் கிண்டக் கிண்டக் கறுத்து, இறுகி, அகப்பையோடு இழுபட ஆரம்பிக்கும். அப்படிக் கறுப்பதற்கு ஒரு முக்கிய காரணம், இனிப்பு புரதத்தோடு ஒட்டிக்கொள்வது. 1912-ல் லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்த வேதிவினை இது.

நம் உடம்பிலும் இதே வேலை 37 பாகை சூட்டில், வருடக்கணக்கில் நடக்கிறது. இரத்தத்தில் மிஞ்சிய சீனி, குழாய்ச் சுவரின் புரதத்திலும் கண் வில்லையிலும் கிட்னியின் நுண்ணிய வடிகளிலும் ஒட்டுகிறது. ஒட்டியது நாளாக ஆக இறுகுகிறது. கிளினிக்கில் பார்க்கும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை, சிவப்பணுப் புரதத்தில் இப்படி ஒட்டிய சீனியைத்தான் அளக்கிறது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால் இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் தெரிந்துவிடும். முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது.

தாச்சி இறுகாமல் இருக்க இரண்டு வழி. இனிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம், அல்லது விட்டதை அள்ளி வெளியே எடுக்கலாம். இரண்டுக்கும் தாவரங்களில் சரக்கு இருக்கிறது.

முதல் வேலையைச் செய்வது நம் நாட்டுக் கொத்தல ஹிம்புட்டு. சித்த வைத்தியர்கள் பொன்கொரண்டி என்பார்கள். அதன் கட்டையில் கடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிப்பது பழைய வழக்கம். 1997-ல் ஜப்பானின் கியோட்டோவில் யோஷிகாவா குழுவினர் இதிலிருந்து சலசினோல் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மாப்பொருளையும் சீனியையும் உடைக்கும் குடல் நொதிகளின் வாயை அது அடைக்கிறது. சோறு உள்ளே போகிறது, ஆனால் குளுக்கோசாக மாறி இரத்தத்தில் இறங்குவது தாமதமாகிறது. இலங்கையில் 51 நோயாளிகளிடம் இந்தச் செடி கலந்த தேநீரைச் சோதித்து 2005-ல் முடிவு வெளியிட்டார்கள்: தேநீர் குடித்த மாதங்களில் எச்.பி.ஏ.1.சி. ஓரளவு குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் அளந்தது சீனியை. கிட்னி தப்பியதா என்பதை அல்ல. கசப்பு சீனியைத் தின்றுவிடும் என்று எண்ணிக் குடிப்பவர்களும் உண்டு. கசப்புக்கு அந்த வல்லமை கிடையாது, வேலை செய்வது அந்த மூலக்கூறுதான்.

மஞ்சளின் குர்குமினும் வெந்தயமும் எலிகளின் உறுப்புகளைக் காத்ததாக ஆய்வுகள் நிறைய. மனிதரில் குர்குமின் இரத்தத்துக்குள் போவதே மிகக் குறைவு. எலியிலிருந்து மனிதருக்கு வரும் அந்தத் தூரம் இன்னும் கடக்கப்படவில்லை.

அள்ளி வெளியே எடுக்கும் கதைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1835-ல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து புளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தார்கள். அதைக் கொடுத்தால் சிறுநீரில் சீனி போவதை 1886-ல் யோசப் வான் மேரிங் கண்டார். காரணம் இதுதான்: கிட்னி ஒரு நாளில் ஏறக்குறைய 180 கிராம் குளுக்கோசை வடித்துவிட்டு, ஒன்று விடாமல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சும் வாசலைப் புளோரிசின் மூடுகிறது. ஆனால் அது குடலிலேயே சிதைந்துவிடும். ஆகவே அதன் வடிவத்தைத் திருத்தி டபாகிளிபுளோசின் போன்ற குளிசைகளைச் செய்தார்கள்.

கிட்னி தப்புவது சீனி வெளியேறுவதால் மட்டுமல்ல. அந்த வாசலில் சீனியோடு உப்பும் சேர்ந்து உள்ளே வருகிறது. வாசல் மூடினால் உப்பு கீழே ஓடி, கிட்னிக்குள் இருக்கும் உணரியைத் தொடும். உப்பு அதிகம் என்று கண்டதும் உணரி, வடிக்கு இரத்தம் கொண்டுவரும் குழாயைச் சற்று இறுக்கும். வடியின் மேலுள்ள அழுத்தம் தணியும். டபாகிளிபுளோசினைச் சோதித்து 2020-ல் வெளியான, 4,304 பேர் பங்கெடுத்த ஆய்வில், கிட்னி கடுமையாகப் பழுதாவதும் கிட்னியாலோ இதயத்தாலோ இறப்பதும் சேர்த்து 39 வீதம் குறைந்தன. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சீனி வருத்தக்காரர்.

பட்டையிலிருந்து குளிசைக்கு வர நீண்ட காலம் எடுத்தது. ஆனால் செடியை அப்படியே குடிப்பதில் ஆபத்தும் உண்டு. செடிக்குள் நல்லதும் கெட்டதும் ஒன்றாகவே கிடக்கின்றன. சீனிக்கு நல்லது என்று வெறும் வயிற்றில் காமரங்காச் சாறும் பிலிம்பிச் சாறும் குடித்து, அவற்றிலுள்ள ஒக்சலேட் பளிங்காகக் கிட்னியில் படிந்து ஆபத்தில் விழுந்தவர்களை இலங்கை மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். கிட்னி நோய் ஏற்கெனவே வாட்டும் பதவியாவுக்குப் பக்கத்தில் வாழும் நாம் இதைக் கவனிக்காமல் விடக்கூடாது.

கொத்தல ஹிம்புட்டுக் குடிப்பவர் அதைக் கிளினிக் டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும். குளிசையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு அதையும் குடித்தால் சீனி மிகவும் இறங்கி வியர்த்து நடுங்கலாம். அந்த நேரத்தில் சீனி கரைத்த தேத்தண்ணி சீக்கிரம் உதவாது, ஏனென்றால் சீனியை உடைக்கும் நொதியைத்தானே மூலிகை அடைத்து வைத்திருக்கிறது. உடைக்கத் தேவையில்லாத குளுக்கோஸ் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கெட் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.