மின்னோட்டத்தால் நிலம் உறுதி பெறுதல்

மாளிகையாயினும் பாலமாயினும், அதன் உறுதி கண்ணுக்குப் புலனாகும் சுவரையும் தூணையும் மட்டும் பொறுத்ததன்று; மறைந்து கிடக்கும் நிலத்தையே பெரிதும் பொறுத்தது. அந்நிலம் வன்பாறையாயின் கட்டுவோர்க்குக் கவலையில்லை. நீர் நிறைந்த மென்களியாயின், தோண்டத் தோண்டக் கரைகள் சரியும். பள்ளத்தில் நிற்போரின் உயிருக்கும் உறுதியில்லை. நார்வே நாட்டு வேர்டால் பள்ளத்தாக்கில் 1893-ஆம் ஆண்டு மே மாதத்து இரவொன்றில், களிநிலம் கூழ்போல் இளகியோடி 116 பேரை விழுங்கியது. ஆதலின், களியினின்று நீரைப் பிரித்து அதனை வலியுறுத்துவது எங்ஙனம் என்னும் வினா, உயிர் காக்கும் வினாவேயாகும். அதற்கு மின்சாரம் அளித்த விடையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மணற்பாங்கான நிலத்தில் கிணறு தோண்டி நீரை இறைத்தால், சுற்றிலுமுள்ள நீர் விரைந்து கிணற்றை வந்தடையும், நிலமும் உலரும். களியிலோ அங்ஙனம் நிகழ்வதில்லை. களித்துகள்கள் மில்லிமீட்டரில் 500-இல் ஒரு பங்கினும் சிறியன. அவற்றின் இடைவெளிகளும் அவ்வாறே மிக நுண்ணியன. நீர் தன் எடையால் மட்டும் கீழ்நோக்கிக் கசியுமாயின், திண்ணிய களியினூடே ஒரு சென்டிமீட்டர் உயர நீர் வெளிப்பட 100 நாட்களுக்கு மேலும் ஆகும். இறைக்கும் இயந்திரம் எத்துணை வலியதாயினும், வந்து சேராத நீரை அஃது எங்ஙனம் இறைக்கும்?

நிற்க. மாஸ்கோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராயிருந்த ரூஸ் என்பார், ஈரக் களியில் இரண்டு கண்ணாடிக் குழாய்களை நட்டு, அவற்றில் நீர் ஊற்றி, மின்கல அடுக்கின் இரு முனைகளையும் அந்நீரில் அமிழ்த்தினார். எதிர்முனையுள்ள குழாயில் நீர் மெல்ல உயர்ந்தது. நேர்முனையுள்ள குழாயில் நீர் தாழ்ந்ததோடு, களித்துகள்கள் எழுந்து கலங்கவும் செய்தன. 1809-இல் அவர் வெளியிட்ட இச்செய்தியே இத்துறைக்கு வித்தாயிற்று. மின்விசையால் நீர் இவ்வாறு நுண்துளைகளினூடே நகர்வதை மேனாட்டார் ‘எலெக்ட்ரோ ஆஸ்மோஸிஸ்’ என்பர். நாம் மின்னூடுபரவல் எனலாம்.

இதற்குக் காரணம் யாது? களித்துகளின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் உடையது. அதனால், அதனைச் சூழ்ந்த நீரில் சோடியம், கால்சியம் முதலியவற்றின் நேர்மின்னேற்றமுள்ள அயனிகள் மிகுந்து திரண்டிருக்கும். மின்னோட்டம் பாயுங்கால் அவ்வயனிகள் எதிர்முனையை நோக்கிச் செல்லும். செல்லும்போது தம்மைச் சூழ்ந்த நீரையும் உடன் இழுத்துச் செல்லும். குறுகிய தெருவிலே திருவிழாக் கூட்டம் ஒரு திசையில் நகர, இடையே அகப்பட்டவனும் தன்னையறியாது அத்திசையிற் செல்வதை ஒக்கும் இது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1879-இல் இதற்குக் கணித விளக்கம் தந்தார்.

ஈண்டு வியக்கத்தக்கது ஒன்றுண்டு. இறைப்பால் வரும் ஓட்டம் துளையின் அகலத்தைப் பொறுத்தது. துளை சிறுத்தால் ஓட்டம் மிகக் குன்றும். மின்னால் வரும் ஓட்டமோ துளையின் அகலத்தைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட்டு வீதம் மின்னழுத்தம் தரின், மணலாயினும் களியாயினும், நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் உயர நீர் நகரும். நூறு நாளிலும் ஒரு சென்டிமீட்டர் கசியாத களியில் ஒரே நாளில் நான்கு! மணலுக்கு இறைப்பே போதும்; மின்சாரம் வேண்டுவது நுண்மண்ணுக்கே என்பதும் இதனால் விளங்கும்.

இவ்வுண்மையைக் கட்டடப் பணிக்குக் கொணர்ந்தவர் ஆஸ்திரியாவிற் பிறந்த லியோ கசகிராண்டே என்னும் பொறியியலறிஞர். ஜெர்மனியின் சால்ஸ்கிட்டர் என்னுமிடத்தில் 1939-இல் இருப்புப்பாதைக்காக வெட்டிய நிலத்தை அவர் இம்முறையால் நிலைபெறச் செய்தார். பின்னர், இரண்டாம் உலகப் போரின்போது, நார்வேயின் துரோன்ஹைம் துறைமுகத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குக் கொட்டில் அமைக்கத் தோண்டிய பள்ளத்திலும் இம்முறை கையாளப்பட்டது. இரும்புக் கம்பிகளை நேர்முனையாகவும், துளையிட்ட குழாய்க்கிணறுகளை எதிர்முனையாகவும் நிலத்தில் இறக்கி நேர்மின்னோட்டம் செலுத்துவர். முன்பு பள்ளத்தை நோக்கிக் கசிந்து கரையைச் சரித்த நீர், இப்பொழுது பள்ளத்தை விட்டு விலகிக் கிணற்றை நோக்கிச் செல்லும். அதனால், மண் முழுதும் உலருமுன்னரே கரை நிலைபெறத் தொடங்கும். நாட்செல்ல நாட்செல்ல நேர்முனையருகே மண் இறுகி, வலிமையும் பன்மடங்காகும். அங்குக் கரையும் இரும்பு மண்ணிற் படிந்து துகள்களைப் பிணைத்தலும் உண்டு. ஆஸ்லோ நகருக்குத் தெற்கேயுள்ள ஆஸ் என்னும் ஊரில், கலக்கினால் நீராய் இளகும் கொடிய களியும் இவ்வாறு வலிமை பெற்றதை நார்வே அறிஞர் பியெரும் முதலியோர் 1967-இல் எழுதியுள்ளனர்.

எனினும் இம்முறைக்குக் குறைகளும் உள. மின்செலவு மிகுதி. நேர்முனைக் கம்பிகள் அரிக்கப்படும். அவற்றை அடுத்த மண் மிக உலர்ந்து வெடிப்பின் மின்னோட்டம் குன்றும். உப்புநீர் நிறைந்த மண்ணில் மின்சாரம் வீணே பாயும். நீரோ சிறிதே நகரும். இத்தாலியின் பீசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தைக் காக்கவும் இவ்வழி ஆராயப்பட்டது; முடிவில் இதனைக் கைவிட்டு, அடிமண்ணைச் சிறிது சிறிதாக அகழ்ந்தெடுக்கும் முறையையே 1999 முதல் 2001 வரை மேற்கொண்டனர். ஆதலின் இஃது எல்லா நிலத்திற்கும் ஏற்ற மருந்தன்று. மண்ணை முதற்கண் நன்கு சோதித்த பின்னரே கொள்ளத்தக்கது.

ஆயினும் இதனால் நாம் அறிவது ஒன்றுண்டு. வலிய இயந்திரம் இழுத்தும் வாராத நீர், துகளின் இயல்பறிந்து மெல்ல அழைத்தவழி வந்தது. இயற்கையை வெல்லும் ஆற்றல் மிகுவிசையில் மட்டும் இல்லை. அதன் இயல்பை உள்ளவாறு உணரும் அறிவிலேயே பெரிதும் உள்ளது. அவ்வறிவு பள்ளத்துள் இறங்கி உழைக்கும் ஒருவனது உயிரைக் காக்குமாயின், அதனினும் சிறந்த பயன் கல்விக்கு வேறென்ன வேண்டும்?