எட்டு ஃபேடர் போதாதபோது

திரைப்படப் பாட்டு ஒன்றைக் கணினியில் மிக்ஸ் செய்ய உட்கார்ந்தால் அறுபது, எழுபது ட்ராக்குகள் வெகு சாதாரணம். கோரஸுக்கு மட்டுமே பத்துப் பன்னிரண்டு போய்விடும். மேசைமேல் இருக்கும் கன்ட்ரோலரிலோ, ஒலியளவை ஏற்றி இறக்கத் தள்ளும் ஃபேடர்கள் எட்டே எட்டு. பொத்தானை அழுத்தி எட்டெட்டாகத் தாவலாம்தான். ஆனால் 3ஆம் ட்ராக்கில் இருக்கும் குரலையும் 12ஆம் ட்ராக்கில் இருக்கும் வயலினையும் கைக்கு ஒன்றாகப் பிடித்து ஒரே நேரத்தில் ஏற்றி இறக்க வேண்டுமென்றால் தாவல் உதவாது. எனவே அதே மாதிரி இன்னொரு கருவியை வாங்கிப் பக்கத்தில் வைக்கிறார்கள். செருகியதும் ஒரு வேடிக்கை நடக்கும். இடது கருவியின் முதல் ஃபேடரைத் தள்ளினால், வலது கருவியின் முதல் ஃபேடரும் தானாக எழுந்து அதே உயரத்துக்குப் போய் நிற்கும்.

கருவியில் பழுது எதுவும் இல்லை. இரண்டுமே தம்மை முதல் கருவி என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். ஏன் அப்படி என்று பார்க்க 1983க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டில்தான் டேவ் ஸ்மித், இகுதாரோ ககேஹாஷி போன்றோரின் முயற்சியில், வேறு வேறு நிறுவனங்களின் சின்தசைசர்கள் பேசிக்கொள்ள மிடி என்ற பொதுமொழி வந்தது. அதில் ஒலி ஓடுவதில்லை. எண்கள் மட்டுமே ஓடும். ஒரு கம்பியில் 16 சேனல்கள். சாதாரணக் கட்டளை ஒன்றின் மதிப்பு 0 முதல் 127 வரை. பியானோ கட்டையை எவ்வளவு வேகமாக அடித்தார்கள் என்று சொல்ல 128 படிகள் தாராளம். 100 மில்லிமீட்டர் நீள ஃபேடருக்கு அது போதாது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். மெல்லத் தேய்ந்து மறைய வேண்டிய ஒலி, படிக்கட்டில் இறங்குவது காதில் விழக்கூடும்.

மேக்கி நிறுவனம் தன் ‘மேக்கி கன்ட்ரோல்’ கருவிக்கு இதில் ஒரு சாமர்த்தியமான குறுக்குவழி பிடித்தது. மிடியில் சுரத்தை வளைப்பதற்கென்று ‘பிட்ச் பெண்ட்’ கட்டளை உண்டு. காது சுருதி பேதத்தை உடனே பிடித்துவிடும் என்பதால் அதற்கு 16,384 படிகள் வைத்திருந்தார்கள். அதையே ஃபேடருக்கு எடுத்துக்கொண்டார்கள். சிக்கல் என்னவென்றால், ஒரு சேனலுக்கு ஒரு பிட்ச் பெண்ட்தான். எட்டு ஃபேடருக்கு எட்டு சேனல், மாஸ்டர் ஃபேடருக்கு ஒன்பதாவது. 16இல் 9 போனால் மீதி 7. இன்னொரு எட்டுக்கு அந்தக் கம்பியில் இடமே இல்லை.

ஆகவே பக்கத்தில் வைக்கும் ‘எக்ஸ்டெண்டர்’ கருவிக்குத் தனி போர்ட், அதாவது தனி இணைப்பு வழி, வேண்டும். அதுவும் 1 முதல் 8 வரையிலான அதே சேனல்களில்தான் பேசும். ஃபேடர் அனுப்பும் செய்தியில் ‘நான் இரண்டாமவன்’ என்ற குறிப்பு கிடையாது. எந்த போர்ட் மேசையின் எந்தப் பக்கம் என்பதை நாம்தான் மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் எத்தனை ட்ராக் தள்ளித் தொடங்க வேண்டும் என்று எண்ணாகக் கொடுக்கலாம். லாஜிக் மென்பொருளில் கருவிகளின் படங்களை மேசையில் இருக்கும் வரிசையிலேயே இழுத்து அடுக்க வேண்டும். ப்ரோ டூல்ஸ் மென்பொருளோ இந்த வகைக் கருவிகளோடு மேக்கி கன்ட்ரோலுக்கு முந்தைய ஹுயி மொழியில் பேசும்.  அதிலும் நான்கு கருவிகள், 32 ஃபேடர்கள் என்பது எல்லை.

ஒரே மாடலில் இரண்டு வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. கணினிக்கு இரண்டின் பெயரும் ஒன்றே. யூ.எஸ்.பி. துளையை மாற்றிச் செருகினால் இடதும் வலதும் இடம் மாறிவிடலாம். துளைகளில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவது நல்லது.

வரிசை சரியானாலும், ஃபேடர்களைத் தானாக நகர்த்தும் மோட்டார் விவகாரம் இருக்கிறது. நீங்கள் ஃபேடரைத் தள்ளுகிறீர்கள். கருவி எண்ணைச் சொல்கிறது. மென்பொருள் அதைக் குறித்துக்கொண்டு, அந்த ட்ராக்கைக் காட்டும் எல்லாக் கருவிகளுக்கும் திருப்பிச் சொல்கிறது. மோட்டார்கள் அந்த இடத்துக்கு ஓடுகின்றன. இதில் திரும்பி வரும் எண் எப்போதும் ஒரு கணம் பழையது. மோட்டார் அதற்குக் கீழ்ப்படிந்தால், முன்னே போகும் விரலைப் பின்னே இழுக்கும். இரண்டாவது கருவி, தன் மோட்டார் நகர்த்தியதையே ‘யாரோ தள்ளுகிறார்கள்’ என்று நினைத்துப் பதில் அனுப்பினால், ஒரே ஊஞ்சலை இரு பக்கமும் நின்று ஆட்டும் பிள்ளைகள் கதைதான். ஃபேடர்கள் நடுங்கத் தொடங்கும். இதைத் தடுப்பது விரலின் மின்தேக்கத் திறன். ஃபேடரின் குமிழ் மின்கடத்தும் பூச்சு கொண்டது; தொட்டதும் கருவி அறிந்துகொள்கிறது. தொட்டிருக்கும் வரை மோட்டார் சும்மா இருக்கும். தொடாத ஃபேடர் எண் அனுப்பாது. பிளாஸ்டிக் குச்சியால் தள்ளிப் பாருங்கள், ஃபேடர் பிடிவாதமாகப் பழைய இடத்துக்கே திரும்பலாம்.

அந்தத் தொடுகைச் செய்தியும் மிடியில் ஒரு சுரமாகத்தான் போகிறது. ப்ளே பொத்தான்கூட 94ஆம் எண் சுரம். ‘எல்லா மிடி உள்ளீடுகளும்’ என்று பியானோ ட்ராக்கைத் திறந்து வைத்திருந்தால், ப்ளேயை அழுத்தும்போது உச்சஸ்தாயியில் டிங்கென்று ஒன்று கேட்கும். கன்ட்ரோலர் போர்ட்டுகளை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

முடிவில்லாமல் சுழலும் குமிழ்களின் குறும்பு வேறு வகை. அவை இடத்தைச் சொல்வதில்லை. எந்தப் பக்கம் எத்தனை படி என்று மட்டும் சொல்லும். இடப்பக்கம் ஒரு படி என்பதை மேக்கி முறை 65 என்று எழுதும். வேறொரு முறையில் அதே 65க்கு இடப்பக்கம் 63 படி என்று பொருள். இரண்டு நிறுவனக் கருவிகளைச் சேர்த்து வைத்து, அமைப்பில் முறையை மாற்றித் தேர்ந்தெடுத்தால், தொட்டவுடன் ஒலி அதலபாதாளத்துக்குப் போகும்.

இத்தனைக்கும் பிறகு எத்தனை ஃபேடர் வேண்டும்? மேசை நிறைய ஃபேடர்கள் தாமாக ஏறி இறங்கினால் பார்க்க வந்த தயாரிப்பாளருக்குப் பரவசம்தான். ஆனால் மிக்ஸ் செய்பவர் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரு ஃபேடரைத்தான் உண்மையில் கவனிக்கிறார். ஒரே மாதிரி மூன்று வாங்குவதைவிட, எட்டு ஃபேடர் கருவி ஒன்று, குமிழ்கள் மட்டும் உள்ளது ஒன்று, கைக்கருகே ஒற்றை ஃபேடர் கருவி ஒன்று என்ற கூட்டணியே மேல் என்பது என் கட்சி. குரலின் ஏற்ற இறக்கத்தைப் பதிய அந்த ஒற்றை ஃபேடர் போதும். எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்த ட்ராக்கை அது பற்றிக்கொள்ளும். வரிசைத் தகராறும் அதற்கு இல்லை.

2020இல் வந்த மிடி 2.0 மொழியில் 32 பிட் மதிப்புகள் உண்டு. கருவி தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளவும் வழி இருக்கிறது. ஆனாலும் அதற்குப் பிறகு சந்தைக்கு வந்த கன்ட்ரோலர்கள் பலவும் இன்னும் மேக்கியின் பழைய மொழியைத்தான் பேசுகின்றன. ரெக்கார்டிங் மென்பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு அது ஏற்கெனவே தெரியும் என்பதுதான் காரணம்.