நீல மூடிக்குள் யூரியா

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு யூரியாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெள்ளை வெளேரென்று இருக்கும் அந்த உரத்தை வாளியில் அள்ளி இடுப்பில் அணைத்துக்கொண்டு, செம்பனை மரங்களைச் சுற்றி வீசிவந்த தாய்மார்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். நூறு கிலோ யூரியாவில் 46 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. அதனால்தான் மரம் பச்சை பிடிக்கிறது. இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை.

ஆனால் அதே யூரியா இன்று லாரியின் புகைக்குழாய்க்கும் போகிறது என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இப்போது கிள்ளான் துறைமுகத்துக்குக் கொள்கலன் லாரி ஓட்டுகிறார்கள். இன்னும் சிலர் நான்கு சக்கரமும் இழுக்கும் டீசல் வண்டியில், விடுமுறை வந்தால் எல்லை தாண்டிக் காட்டுப் பாதைகளுக்குப் போகிறார்கள். அவர்கள் வண்டிகளில் சிலவற்றில் டீசல் மூடிக்கு அருகில் நீல நிறத்தில் இன்னொரு மூடி இருக்கும். அந்த நீல மூடியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில், அது எதற்கு? நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். சாதாரணமாக அது யாரோடும் சேராத சாதுவான வாயு. ஆனால் டீசல் இயந்திரத்துக்குள் எரியும் கடும் வெப்பத்தில் அது ஆக்ஸிஜனோடு கூடி நைட்ரஜன் ஆக்ஸைடு என்னும் நச்சு வாயுவாக மாறிவிடுகிறது. நெஞ்சை அடைக்கும், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் மூச்சை இழுக்கும் வாயு அது. லாரிகள் வரிசை பிடித்து நிற்கும் துறைமுகச் சாலை ஓரத்தில் வீடு உள்ளவர்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நஞ்சை முறிக்க ஒரு வழி கண்டார்கள். யூரியா கரைந்த நீரைச் சூடான புகைக்குழாய்க்குள் சிறிது சிறிதாகத் தெளிப்பது. வெப்பத்தில் யூரியா அம்மோனியாவாகப் பிரிகிறது. குழாயில் பொருத்தியிருக்கும் வினையூக்கியின் உதவியால், அம்மோனியாவும் நச்சு வாயுவும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் வெளியே போகின்றன. அட்புளூ என்ற பெயரில் விற்கப்படும் திரவம் இதுதான். நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா, மீதி 67.5 பங்கு தாது உப்புகள் நீக்கப்பட்ட சுத்த நீர். வேறொன்றும் இல்லை.

எல்லா டீசல் வண்டிக்கும் இது தேவைப்படாது. நம் நாட்டில் ஓடும் டீசல் பிக்அப் வண்டிகள் பல இது இல்லாமலே ஓடுகின்றன. ஐரோப்பிய லாரிகளில் பெரும்பாலும் உண்டு. ஜப்பானிலிருந்து வரும் பழைய டீசல் வண்டிகள் சிலவற்றிலும் உண்டு. வாங்கும்போதே நீல மூடி இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

இனி, நம் மக்கள் மனதில் உடனே எழும் எண்ணத்துக்கு வருவோம். "யூரியாவும் தண்ணீரும்தானே? உர மூட்டை இருக்கிறது, குழாய்த் தண்ணீர் இருக்கிறது, நாமே கலக்கிக்கொண்டால் என்ன?" கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் செய்யவே கூடாது. உர யூரியாவில் பையூரெட் என்னும் துணைப்பொருள் நூற்றுக்கு ஒரு பங்கு வரை இருக்கலாம். மரத்துக்கு அது பெரிய தீங்கில்லை. வண்டிக்குரிய திரவத்திலோ 0.3 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கட்டி தட்டாமல் இருக்க உர மணிகளின் மேல் பூசும் பூச்சும் உண்டு. தண்ணீர் அதைவிட மோசம். ஒரு கிலோ திரவத்தில் சுண்ணாம்புச் சத்து அரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேச விதி. கெண்டியில் தண்ணீர் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தப் படிவு தெளிக்கும் மூக்கை அடைத்து, வினையூக்கியையும் பாழாக்கிவிடும். மூட்டையில் மிச்சம் பிடித்த காசு, பழுது பார்க்கும்போது பல மாதச் சம்பளமாகத் திரும்பிப் போகும். சில இளைஞர்கள் கேலியாக, "சிறுநீரிலும் யூரியா இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, நூற்றுக்கு இரண்டு பங்கு போல. அதோடு உப்பும் சேர்ந்து இருக்கிறது. அந்தச் சோதனையைப் பிறர் வண்டியில்கூடச் செய்ய வேண்டாம்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து நண்பர்கள் நால்வர் ஒரு வண்டியில் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வடக்கு நெடுஞ்சாலையில் கிட்டத்தட்ட ஐந்நூறு கிலோமீட்டர் போனால் புக்கிட் காயு ஈத்தாம் எல்லை. அதைத் தாண்டித் தாய்லாந்து மலைப்பாதைகள். நெடுஞ்சாலையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பழகியவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். சேற்றிலும் மேட்டிலும் முதல் கியரில் நாள் முழுக்க முனகிக்கொண்டு போனால் கிலோமீட்டர் ஏறாது. டீசல் மட்டும் இறங்கும். டீசல் இறங்க இறங்க இந்தத் திரவமும் இறங்கும். ஆகவே கணக்கை டீசல் லிட்டரில் போட வேண்டும். சிறிய வண்டிகளில் 100 லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு லிட்டர். கனரக லாரிகளில் நான்கு முதல் ஆறு லிட்டர். 400 லிட்டர் டீசல் எரிக்கப் போகிற பயணம் என்றால் சிறிய வண்டிக்குப் பதினாறு லிட்டர் வரை வேண்டியிருக்கும். உங்கள் வண்டி எவ்வளவு குடிக்கிறது என்பதை ஊரிலேயே ஒரு மாதம் எழுதி வைத்துப் பார்த்தால் இதைவிடச் சரியான கணக்குக் கிடைக்கும்.

தீர்ந்துவிட்டால் என்ன ஆகும்? ஓடிக்கொண்டிருக்கும் வண்டி பாதி வழியில் நின்றுவிடாது. புதிய சிறிய வண்டிகளில் நடப்பது வேறு. திரவம் முழுதும் தீர்ந்த பிறகு இயந்திரத்தை நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. தேநீருக்கு நிறுத்திய இடமே தங்கும் இடமாகிவிடும். கனரக லாரிகளில் முதலில் இழுவை குறையும், பிறகு வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஐரோப்பிய விதிப்படி செய்த சிறிய வண்டிகள் இன்னும் 2,400 கிலோமீட்டர் ஓடுமளவு இருக்கும்போதே எச்சரிக்கத் தொடங்கும். அந்த விளக்கைப் பார்த்துவிட்டு "இன்னும் நிறைய இருக்கிறதே" என்று எல்லையைத் தாண்டுவது புத்திசாலித்தனமல்ல. இன்னொன்று: முழுவதும் காலியான பிறகு ஒரு லிட்டர் ஊற்றினால் சில வண்டிகள் ஏற்றுக்கொள்ளாது, பல லிட்டர் ஊற்றினால்தான் விழித்துக்கொள்ளும்.

அப்படியானால் இரண்டு டின் வாங்கிப் பின்னால் போட்டுக்கொண்டு போகலாமே? போகலாம். ஆனால் நம் ஊர் வெயிலை மறந்துவிடக் கூடாது. இந்தத் திரவம் 25 பாகை வெப்பத்தில் ஒன்றரை ஆண்டு கெடாமல் இருக்கும். 30 பாகையில் ஓராண்டு. 35 பாகையில் ஆறு மாதம்தான். அதற்கு மேல் போனால் உறுதி சொல்ல முடியாது. அம்மோனியா வாடை கிளம்பத் தொடங்கும். கிள்ளானில் வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் எவ்வளவு சூடு என்று கை வைத்தவர்களுக்குத் தெரியும். டின்னைக் கித்தான் போர்த்தி நிழலில் வைக்க வேண்டும்; தேவைக்கு மேல் சேர்த்து வைக்கவும் கூடாது. எதிர்ப்பக்கத்தில், கழிக்குறி 11 பாகைக் குளிரில் அது உறைந்துவிடும். இமயமலைப் பக்கம் போகிறவர்கள் மட்டும் அதைப் பற்றிக் கவலைப்படட்டும்.

ஊற்றும் புனலையும் கவனிக்க வேண்டும். செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய தகரம் ஆகியவற்றை இந்தத் திரவம் அரிக்கும். அரித்த உலோகம் வினையூக்கிக்குப் போய்ச் சேரும். மண்ணெண்ணெய் ஊற்றிய புனலும் ஆகாது. சுத்தமான பிளாஸ்டிக் புனல் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். சிந்தினால் பயப்பட வேண்டாம்; காய்ந்து வெள்ளை உப்பாகப் படிவதற்குள் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும்.

அந்நிய ஊரில் கடையில் கேட்கும்போது பெயர் குழப்பும். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்தபின் டீசல் விற்கும் இடங்களில் இதை டெஃப் என்கிறார்கள். பிரேசிலில் ஆர்லா 32. பெயர் எதுவாயினும் டின்னின் மேல் ஐ.எஸ்.ஓ. 22241 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லையென்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

டீசலையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் 2021 ஏப்ரல் முதல் யூரோ 5 டீசல் கட்டாயமாயிற்று. அதில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இல்லை. முன்பு விற்ற யூரோ 2எம் டீசலில் 500 பங்கு வரை இருக்கலாம். தாய்லாந்தும் 2024 தொடக்கத்தில் யூரோ 5க்கு வந்துவிட்டது. ஆனால் கந்தகம் மிகுந்த டீசல் இன்னும் விற்கும் நாடுகள் உண்டு. அங்கே அட்புளூ எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் டீசலே வினையூக்கியைக் கெடுத்துவிடும்.

கடையில் சரக்கே இல்லாமல் போகும் காலமும் உண்டு. 2021 அக்டோபரில் சீனா யூரியா ஏற்றுமதியை இறுக்கியபோது, பெரும்பகுதியை அங்கிருந்தே வாங்கிவந்த தென்கொரியாவில் லாரிகள் முடங்கும் நிலை வந்தது. நவம்பரில் இராணுவ விமானம் ஆஸ்திரேலியாவுக்குப் பறந்து 27,000 லிட்டர் திரவத்தை ஏற்றிவந்தது. உரத்துக்கும் லாரிக்கும் ஒரே மூலப்பொருள் என்பதை அன்று உலகம் பார்த்தது. பிந்துலு, கூரூண், சிப்பித்தாங் ஆகிய இடங்களில் யூரியா ஆலைகள் இருப்பதால் நம் நாட்டுக்கு அந்த அளவு நெருக்கடி வராது என்று எண்ணலாம். ஆனால் எல்லை தாண்டிப் போகிறவருக்கு அந்த ஆலைகள் கைகொடுக்க மாட்டா.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று தெளிக்கும் கருவியைத் துண்டித்துத் தரும் பட்டறைகளும் இருக்கின்றன. வண்டி ஓடும்தான். புகை மட்டும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் மூக்குக்குப் போகும். நாம் இதை ஒப்புக்கொள்ள முடியாது.

கடைசியாக, அவசரத்தில் நடக்கும் ஒரு தவறு. இரவில், களைப்பில், நீல மூடிக்குரியதை டீசல் தொட்டியில் ஊற்றிவிடுவது. அப்படி ஆகிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. "கொஞ்சந்தானே" என்று கிளப்பிப் பார்க்கவும் கூடாது. திரவம் டீசலைவிடக் கனமானது. அடியில் தங்கி, முதலில் அதுவே பம்புக்குள் போய் உப்பாகப் படியும். வண்டி அசையாமல் நிற்கும்வரை தொட்டியை வடித்துக் கழுவிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். கிளப்பிவிட்டாலோ பம்பு முதல் ஊசிகள் வரை மாற்ற வேண்டியிருக்கும்.