கடல் தாண்டி வந்த கரப்பான் தைலம்

1990-களில் நியூ ஜெர்சியின் எடிசனிலோ ஐசலினிலோ குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் ஒருவருக்குக் கரப்பான் (எக்ஸிமா) இருந்தால், அது வீட்டுக்குள் மட்டும் பேசப்படும் சங்கதி. அக்டோபர் பிறந்து ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் முழங்கை மடிப்பிலும் முட்டிக்குப் பின்னாலும் தோல் வறண்டு வெடிக்கும். பகல் வேலையில் மறந்திருக்கும் அரிப்பு, போர்வைக்குள் உடம்பு சூடேறியதும் பிடித்துக்கொள்ளும். விடிந்து பார்த்தால் படுக்கை விரிப்பில் ரத்தப் பொட்டுகள். மறுநாள் முழுக்கைச் சட்டை. கரப்பான் ஒட்டுவதில்லை, ஆனாலும், “ஒட்டிக்குமா?” என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில், கொலுவுக்குப் போன வீட்டில் குழந்தையைக் கையில் வாங்கவே தயங்கிய பெண்கள் இருந்தார்கள்.

ஊருக்குப் போன் போட்டால் அம்மாவின் முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றித்தான். “கத்தரிக்காய் சாப்பிட்டியா? கருவாடு தொட்டியா? கரப்பான் பண்டம் ஆகாதுன்னு எத்தனை தடவை சொல்றது?” அடுத்த மாதம் யாராவது ஊரிலிருந்து வந்தால், அவர்கள் பெட்டியில் தைலம் வரும். அருகம்புல் சாறும் தேங்காயெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியது ஒன்று. வெட்பாலைத் தைலம் இன்னொன்று.

வெட்பாலைத் தைலம் செய்வதைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். இலையை இரும்புக் கத்தி படாமல் கையாலேயே கிள்ளி, கண்ணாடிப் பாத்திரத்தில் தேங்காயெண்ணெய் ஊற்றிப் போட்டு, நாள்கணக்கில் வெயிலில் வைப்பார்கள். பச்சை இலை ஊறிய எண்ணெய் மெல்ல மெல்லக் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறிவிடும். காளாஞ்சகப் படைக்கு (சோரியாசிஸ்) சொல்லப்பட்ட மருந்து அது. அமெரிக்காவிலோ, அரிப்பென்று வந்த எல்லாவற்றுக்கும் அதுவே தடவப்பட்டது. குளிர்நாட்டில் அந்த வெயிலும் கிடையாது, அந்த மரமும் கிடையாது. ஆகவே இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, புடவை மடிப்புக்குள் செருகிக் கொண்டுவந்த குப்பியைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்தார்கள். தலையணை உறையில் ஊதாக் கறை நிரந்தரமாகத் தங்கியது.

மருத்துவரிடம் போகவில்லையா என்றால், போனார்கள். 1952-ல் நியூயார்க்கில் மேரியன் சல்ஸ்பெர்கரும் விக்டர் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் தடவிப் பலன் கண்டதிலிருந்து ஸ்டீராய்டு களிம்புதான் முதல் மருந்து. ஆனால் மருத்துவ நூல்களின் படங்களில் கரப்பான் வெள்ளைத் தோலில் செக்கச் சிவந்திருக்கும். நம் தோலில் அது பழுப்பாகவோ ஊதாவாகவோ சாம்பல் படிந்தாற்போலவோ தெரியும். சிவப்பைத் தேடிப் பழகிய கண்ணுக்கு நம் வேதனையின் அளவு பிடிபடாமல் போனது. களிம்பைக் கையில் வாங்கியவர்களும் “ஸ்டீராய்டாச்சே” என்று பயந்து பாதியில் நிறுத்தினார்கள். நிறுத்தியதும் அரிப்பு திரும்ப வந்தது. அதோடு மருந்தின் மேலிருந்த நம்பிக்கையும் போனது.

இன்று என்ன மாறியிருக்கிறது? முதலில், நோயைப் பற்றிய புரிதல் மாறியிருக்கிறது. “ரத்தம் கெட்டுப்போச்சு” என்றுதான் வீட்டில் சொல்வார்கள். சான்பிரான்சிஸ்கோவில் பணியாற்றிய பீட்டர் எலியாஸ் 1980-களில் வேறொரு விளக்கம் சொன்னார். தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் மாதிரி. செல்கள் செங்கல், அவற்றுக்கு இடையிலுள்ள கொழுப்பு காரை. காரை உதிர்ந்தால் ஈரம் வெளியேறும், எரிச்சலூட்டும் பொருள்கள் உள்ளே நுழையும். அந்தச் சுவருக்கு வேண்டிய ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறை கரப்பானுக்கு ஒரு முக்கியக் காரணம் என்று 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். கத்தரிக்காயே சாப்பிடாத குழந்தைக்கும் ஏன் கரப்பான் வருகிறது என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. தன் சமையல்தான் பிள்ளையைக் கெடுத்தது என்று வருந்திய தாய்மார்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது.

சூழல் தரும் தொல்லையும் இன்று கணக்கில் வருகிறது. 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊர் எரிந்தபோது, அந்தப் புகை சூழ்ந்த, 280 கிலோமீட்டர் தள்ளியிருந்த சான்பிரான்சிஸ்கோவில் அரிப்புக்காகத் தோல் மருத்துவரைத் தேடி வந்தவர்கள் கூடினார்கள் என்பதை அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அதனால் அந்த வட்டாரத்து ஃப்ரீமான்டிலும் சன்னிவேலிலும் புகை நாளென்றால் ஜன்னலைச் சாத்தி வைப்பதும் கரப்பானுக்கான கவனிப்புதான்.

இரண்டாவதாக, நம் கைவைத்தியமே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. 2014-ல் வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வொன்றில், கரப்பான் கடுமையாக இல்லாத 117 குழந்தைகளிடம் தேங்காயெண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டார்கள். சுத்திகரிக்கப்படாத ‘வெர்ஜின்’ தேங்காயெண்ணெய்தான் கூடுதல் பலன் தந்தது. அமெரிக்கப் பாட்டிகளின் ஓட்ஸ் குளியலும் இப்படித்தான்: நுண்ணிய ஓட்ஸ் மாவைத் தோல் காக்கும் பொருளாக 2003-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. ராபர்ட் செஸ்பரோ 1872-ல் காப்புரிமை பெற்ற வாசலின் ஒரு காலத்தில் எடிசனுக்கு அருகிலுள்ள பெர்த் அம்பாயில் தயாரானது. அதைத்தான் இன்றும் மருத்துவர்கள் சிபாரிசு செய்கிறார்கள். வெந்நீரை விட்டு வெதுவெதுப்பான நீரில் குளி, துண்டால் ஒற்றி எடு, மூன்று நிமிடத்துக்குள் ஈரத்தோடு பூசு என்பதே அவர்களின் முதல் பாடம். குளித்த கையோடு குழந்தைக்கு எண்ணெய் தடவிய நம் பாட்டி இதற்குப் பக்கத்தில்தான் நின்றாள்.

ஆனால் எல்லாக் குப்பியும் எண்ணெய்க் குப்பி இல்லை. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் வட்டாரத்துத் தெற்காசியக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தன. உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துகள் அவை. ஊர் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிவரும் களிம்புகளிலும் ஆபத்து உண்டு. வீரியமான ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் படர்தாமரைமேல் பூசினால் அரிப்பு அடங்கி, பூஞ்சை பரவும். தெற்காசியாவில் பெருகிய, வழக்கமான மருந்துக்கு அடங்காத படர்தாமரைப் பூஞ்சை நியூயார்க்கில் இருவரிடம் கண்டறியப்பட்டதை 2023-ல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. எது கரப்பான், எது படர்தாமரை என்று பிரிப்பது மருத்துவரின் கண்ணுக்கும் சோதனைக்கும் உரிய வேலை.

மூன்றாவது மாற்றம் மருந்தில். களிம்புக்கு அடங்காத கரப்பானுக்கு 2017-ல் டுபிலுமாப் ஊசி வந்தது. 2022-ல் ஆறு மாதக் குழந்தை வரை அனுமதி விரிந்தது. பல ஆண்டுகள் தூங்காதவர்கள் அதனால் தூங்கியிருக்கிறார்கள். வந்தபோது அதன் பட்டியல் விலை ஆண்டுக்கு 37,000 டாலர். இன்ஷூரன்ஸ் ஒப்புக்கொள்ளும்வரை மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டும். வேலை போனால் ஊசியும் போய்விடுமோ என்ற கவலை எச்-1பி வேலை விசாவில் இருக்கும் குடும்பங்களுக்கு இருக்கிறது. இந்த நியாயமின்மை இன்னும் தீரவில்லை.

அன்றைய வீட்டிலும் இன்றைய மருத்துவத்திலும் எடுத்துக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன. தினமும் இரண்டு வேளை, பொறுமையாக, விடாமல் தோலைக் கவனிக்கும் பழக்கம் வீடு தந்தது. எவ்வளவு விலையுயர்ந்த மருந்து வந்தாலும் அந்தப் பழக்கம் இல்லாமல் கரப்பான் அடங்காது. மூடி மறைக்காமல் பெயர் சொல்லிக் காட்டிச் சிகிச்சை கேட்கும் துணிச்சல் இன்றைய காலம் தந்தது. தேங்காயெண்ணெயைத் தாராளமாகப் பூசுங்கள். உள்ளுக்கு எடுக்கும் சூரணத்தையும், பெயர் ஒட்டாத களிம்பையும் மருத்துவரிடம் காட்டாமல் தொடாதீர்கள். “என் தோலில் இது சிவப்பாகத் தெரியாது, ஆனால் ராத்திரி தூங்க விடுவதில்லை” என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கரப்பான் வெட்கப்பட வேண்டிய நோய் இல்லை; கட்டுக்குள் வைக்கக்கூடிய நோய்.